கோழிக் கண்ணில் என்ன கோளாறு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் கோழிக் கண் நோய் பற்றியவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். சளி, அம்மை, வெள்ளைக்கழிச்சல் பற்றி முந்தைய இதழ்களில் விரிவாக எழுதிவிட்டதால், அடிக்கடி பார்க்காத, பார்த்தாலும் வேறொன்றாக நினைத்து ஏமாறுகிற நோய்களுக்கே இங்கே அதிக இடம்.

கேள்வி: பெரியபட்டினத்தில் தென்னந்தோப்புக்குள் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். நாலைந்து கோழிகள் கண்ணைத் தோளில் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் வடிகிறது. ஒரு கோழியின் கண்ணோரத்தில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ நெளிந்து உள்ளே போனதாக என் மகள் சொல்கிறாள். சளி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை.

பதில்: உங்கள் மகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அது கண்புழு. பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவரின் பெயரால் 1879 முதல் அறியப்படும் 'ஆக்ஸிஸ்பைரூரா மேன்சோனி' என்ற உருண்டைப் புழு. ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம், நூல் கனம். கோழிக்கு மேலிமை, கீழிமை தவிர மூக்குப் பக்க மூலையிலிருந்து குறுக்கே ஓடிவரும் மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதற்கு அடியிலும் கண்ணீர்க் குழாய்க்குள்ளும் புழு பதுங்கியிருக்கும். வெளிச்சம் பட்டால் உள்ளே ஓடிவிடும் என்பதால்தான் பகலில் பார்த்தவர்கள் பலர் "ஒன்றுமில்லை, சளிதான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சளி நோயிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமில்லை. சளியில் மூக்கு ஒழுகும், முகம் வீங்கும், கெட்ட வாடை அடிக்கும், இரை எடுக்காது. கண்புழுவில் மூக்கு காய்ந்திருக்கும், கோழி நன்றாக மேயும், ஆனால் கண்ணைக் காலால் பிறாண்டும். மூன்றாவது இமை தடித்து, கண்ணின் உள்மூலையில் சிவப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நாள்பட்டால் இமைக்கடியில் தயிர்க்கட்டி போலச் சீழ் சேர்ந்து விழியே கெட்டுவிடும்.

உறுதிசெய்ய இரண்டு பேர் வேண்டும். இருட்டிய பிறகு கோழியைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியப் பிடியுங்கள். நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே செத்துவிடும். இன்னொருவர் 0.9 சதவீத சலைனை (மருந்துக் கடையில் பாட்டிலாகக் கிடைக்கும்) ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கீழிமையை இழுத்து, கண்ணின் உள்மூலையில் மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். கீழே கறுப்புத் தட்டு ஒன்றைப் பிடித்தால், வெளியே வரும் வெள்ளைப் புழு பளிச்சென்று தெரியும். எடுத்த புழுவை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணில் புழு சிக்காவிட்டால் புது எச்சத்தைப் பரிசோதித்தாலும் முட்டை தெரியும், ஏனென்றால் புழுவின் முட்டை கண்ணீரோடு தொண்டைக்கு இறங்கி எச்சத்தில்தான் வெளியேறுகிறது.

மிச்சப் புழுவை எடுப்பது மருத்துவர் வேலை. மரத்துப்போகும் சொட்டு ஒன்று விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, மூன்றாவது இமையை ஈரப் பஞ்சால் தூக்கி, முனை மழுங்கிய இடுக்கியால் எடுப்பார். பிறகு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து தேவையா, எவ்வளவு என்று கோழியின் எடை பார்த்துச் சொல்வார். அந்த மருந்து கொடுத்தால் அவர் சொல்லும் நாள்வரை முட்டையோ கறியோ எடுக்கக் கூடாது. பழைய புத்தகங்களைப் பார்த்து கிரெசால் என்ற கிருமிநாசினிக் கரைசலைக் கண்ணில் விடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. செறிவு கொஞ்சம் கூடினாலும், உடனே கழுவ மறந்தாலும் விழி வெந்துபோகும். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். புகையிலைச் சாறும் அப்படித்தான்.

இனி முக்கியமான பாதி. புழு ஒரு கோழியிடமிருந்து இன்னொரு கோழிக்கு நேராகப் போகாது. எச்சத்திலுள்ள முட்டையைச் சூரினாம் கரப்பான் தின்ன வேண்டும். வீட்டுச் சமையலறைக் கரப்பான் இல்லை இது. மட்கிய மண்ணுக்குள் புதைந்து வாழும், பளபளக்கும் பழுப்புக் கரப்பான். அதன் உடலில் புழு வளர்ந்து தொற்றும் நிலைக்கு வர ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். அந்தக் கரப்பானைக் கோழி கொத்தித் தின்றால், குட்டிப் புழு தீனிப்பையிலிருந்து உணவுக்குழாய் வழியே வாய்க்கு ஏறி, கண்ணீர்க் குழாய்க்குள் நுழைந்து கண்ணுக்கு வந்துவிடுகிறது. கரையோரத் தென்னந்தோப்பில் குவிந்திருக்கும் மட்டை, பன்னாடை, மக்கிய மஞ்சி எல்லாம் இந்தக் கரப்பானுக்கு அரண்மனை. கொட்டிலைச் சுற்றிப் பத்தடிக்குக் குப்பையே இல்லாமல் சுரண்டி எடுங்கள். இரவு அடைக்கும் இடத்துக்குக் கட்டாந்தரையோ சிமெண்ட் தளமோ போடுங்கள். எச்சத்தைத் தினமும் அள்ளி மூடிய குழியில் போடுங்கள். மண்ணில் ஏற்கெனவே உள்ள கரப்பான்களைக் கணக்கில் வைத்து, இரண்டு மாதம் கழித்து எல்லாக் கோழிகளின் கண்ணையும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் எங்கள் சேவலுக்கு ஒரு கண் மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. எல்லோரும் "பூ விழுந்திருக்கு" என்கிறார்கள். அந்தப் பக்கம் கை ஓங்கினால் விலகுவதில்லை. சொட்டு மருந்து விடலாமா?

பதில்: "பூ" என்று நாம் சொல்வது மூன்று வெவ்வேறு இடத்துக் கோளாறுகளை. எந்த இடம் என்று தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. சேவலை இருட்டறைக்குக் கொண்டுபோய், செல்போன் விளக்கை நேராக அடிக்காமல் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

வெண்மை விழியின் முன்தோலிலேயே இருந்து, பின்னால் உள்ள நிற வளையத்தை மறைத்தால் அது விழிவெண்படலக் கோளாறு. புண், காயம், அம்மோனியா, பூஞ்சை எல்லாம் இந்த வகை. நிற வளையம் நல்ல நிறத்தோடு தெளிவாகத் தெரிந்து, நடுக் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் மட்டும் நீலம் கலந்த வெண்மை தெரிந்தால் அது கண்புரை. முன்பக்கம் பளிங்கு போல் தெளிவாக இருந்து, நிற வளையமே ஆரஞ்சு மாறிச் சாம்பலாகி, நடுக் கறுப்பு வட்டத்தின் ஓரம் அரிவாள் பல் போல ஒழுங்கில்லாமல் இருந்தால் அது மேரக்ஸ் நோயின் கண் வடிவம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்றாவதற்கே வாய்ப்பு அதிகம். ஹங்கேரிய மருத்துவர் யோஜெஃப் மேரக் 1907இல் விவரித்த வைரஸ் நோய் இது. பெரும்பாலும் கோழியின் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் இழுத்துப் படுக்கவைக்கும். சிலவற்றில் காலைத் தொடாமல் கண்ணோடு மட்டும் நின்றுவிடும். வெள்ளணுக்கள் நிற வளையத்துக்குள் புகுந்து நிறத்தை அழித்து, கறுப்பு வட்டத்தைச் சுருக்குகிற தசையையும் கெடுத்துவிடுவதால்தான் அந்த ஒழுங்கற்ற ஓரம். சொட்டு மருந்து எதுவும் அங்கே வேலை செய்யாது. காசை வீணாக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் சேவல் அசில் என்ற சண்டைச்சேவல் வகையாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். நல்ல அசிலுக்கு முத்துக் கண் இயல்பு. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வெளுத்திருக்கும், கறுப்பு வட்டம் திருத்தமாக வட்டமாகவே இருக்கும். நோயில் நிறம் திட்டுத்திட்டாகவோ ஒரு கண்ணில் மட்டுமோ மாறும், வட்டம் கோணும்.

வெளிச்சத்துக்குக் கறுப்பு வட்டம் சுருங்குகிறதா என்று பார்க்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். மனிதக் கண்ணில் அது தானாகச் சுருங்கும். பறவைக்கு அங்கே இருப்பது விருப்பப்படி அசைக்கும் தசை. பயந்த கோழி வெளிச்சமே இல்லாமலும் வட்டத்தைச் சுருக்கி விரிக்கும். ஆகவே பிடித்தவுடன் பார்க்காமல் இரண்டு நிமிடம் அமைதியாக வைத்திருந்து பாருங்கள். ஒரு கண்ணில் வெளிச்சம் அடித்து மறு கண் சுருங்குகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, கோழிக்கு அப்படிச் சுருங்காது. கை ஓங்கிச் சோதிக்கும்போது காற்று படாமல் ஓங்க வேண்டும். காற்று பட்டால் குருட்டுக் கண்ணும் சிமிட்டும்.

கண்புரையாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கோழி மூன்று வாரத்துக்குள் குஞ்சாக இருந்தபோது தலை, கழுத்து நடுங்கியதா? கூடப் பிறந்த குஞ்சுகள் அப்படி நடுங்கிச் செத்தனவா? ஆம் என்றால் அது பறவை மூளைத் தண்டுவட அழற்சி. தப்பிய குஞ்சுகளுக்கு மாதங்கள் கழித்துப் புரை விழும். தாய்க்கோழி முட்டையிடும் காலத்தில் தொற்று வாங்கினால் அந்த இரண்டு வார முட்டைகள் வழியே குஞ்சுக்கு வரும், அதே வாரங்களில் முட்டையும் கொஞ்சம் குறையும். மேரக்ஸ் அப்படி முட்டைக்குள் போகாது. உதிரும் இறகுச் செதிலோடு கலந்து தூசியாகக் கொட்டிலில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மேரக்ஸ் தடுப்பூசி பொரித்த முதல் நாளிலேயே கழுத்துத் தோலுக்கடியில் போடப்பட வேண்டும். அடைக்கோழி வைத்துப் பொரிக்கிறவர்களுக்கு அது எளிதில்லை. குப்பி பல நூறு குஞ்சுகளுக்கானது, கரைத்தால் சிறிது நேரத்தில் வீணாகும். பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் பொரிக்குமாறு அடைவைத்தால் முடியும். அல்லது குஞ்சு வாங்கும்போது "மேரக்ஸ் போட்டதா?" என்று கேட்டு வாங்குங்கள். புதுக் குஞ்சைப் பெரிய கோழிகளின் கொட்டிலில் முதல் சில வாரங்கள் விட வேண்டாம். மனிதருக்கு இந்த நோய் வராது.

கேள்வி: வாலிநோக்கம். கோழிகளுக்கு இமை ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் உள்ளே பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளையாக வருகிறது. அம்மையா? குருணையும் கருவாட்டுத் தூளும்தான் போடுகிறோம். கோடையில் மேய்ச்சலுக்குப் பச்சையே இல்லை.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அம்மையாக இருந்தால் இமையிலும் கொண்டையிலும் மரு போலப் புடைத்துக் கறுத்த பொருக்கு இருக்கும். உங்கள் கோழிக்கு வாயைத் திறந்து பாருங்கள். அண்ணத்திலும் தொண்டையிலும் கடுகளவு வெள்ளைக் கொப்புளங்கள் வரிசையாகத் தெரிந்தால் வைட்டமின் ஏ குறைபாடு. கண்ணீர்ச் சுரப்பியின் உள்தோல் காய்ந்து தடித்து அடைத்துக்கொள்வதால் கண்ணீர் வராமல் கழிவு கட்டியாகிறது. அம்மையிலும் வாய்க்குள் மஞ்சள் படலம் வரும், ஆனால் அதை உரித்தால் ரத்தம் கசியும். வைட்டமின் கொப்புளம் அப்படி ரத்தம் வராமல் உதிரும்.

அரிசிக் குருணையிலும் வெள்ளைச் சோளத்திலும் வைட்டமின் ஏ கிடையாது. கருவாட்டில் இருந்ததும் வெயிலில் காய்ந்தபோது பெரும்பகுதி போயிருக்கும், மிஞ்சுவது உப்பு. வளர்ந்த கோழியின் ஈரலில் சேமிப்பு இருப்பதால் பச்சை நின்று இரண்டு மூன்று மாதம் கழித்தே நோய் தெரியும். அதனால்தான் பங்குனியில் நின்ற பச்சைக்கு ஆனியில் கண் ஒட்டுகிறது. முட்டை மஞ்சள் கரு வெளுத்தால் அதை முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

இமையைச் சலைனில் நனைத்த பஞ்சால் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கட்டியை மெதுவாக நெம்பி எடுங்கள். காயவைத்துப் பிய்த்தால் விழித்தோலும் சேர்ந்து வரும். தண்ணீரில் கரையும் வைட்டமின் ஏ மருந்தைக் கிலோ தீவனத்துக்கு 10,000 சர்வதேச அலகு கணக்கில் இரண்டு வாரம் கொடுங்கள். அதற்கு மேல் அதே அளவில் நீட்ட வேண்டாம், மருந்து தண்ணீரில் கலந்தாலும் வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, ஈரலில் தங்கிவிடும். நிரந்தர வழி முருங்கை. உப்புத் தண்ணீர் ஊரிலும் முருங்கை தாங்கும். பத்துக் கோழிக்கு இரண்டு கைப்பிடி இலையைத் தினமும் பொடியாக அரிந்து போடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் உலர்த்தினால்தான் சத்து நிற்கும். மஞ்சள் மக்காச்சோளம் கிடைத்தால் குருணையில் பாதியை மாற்றிவிடலாம். விழி உருகிக் கெட்டுப்போன கோழிக்கு மட்டும் பார்வை திரும்பாது. மற்றவை ஒரு வாரத்திலேயே தெளியும்.

கேள்வி: ஐப்பசி மழையில் கொட்டிலை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடினோம். ஒரு வாரத்தில் குஞ்சுகள் எல்லாம் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. சுண்ணாம்பு தூவினோம், இன்னும் மோசம். (தொண்டி)

பதில்: எல்லாக் குஞ்சுக்கும், இரண்டு கண்ணிலும், ஒரே நாளில் என்றால் கிருமிக்கு முன்னால் காற்றைச் சந்தேகப்படுங்கள். நனைந்த எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா விழியைச் சுட்டிருக்கிறது. பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போனாலே எரிச்சல் தொடங்கும். நின்றபடி முகர்ந்தால் தெரியாது, குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள், உங்கள் கண்ணும் கரிக்கும். நனைந்த எச்சத்தில் சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை கூடி அம்மோனியா இன்னும் வேகமாக வெளியேறும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். ஈரப் படுக்கையை முழுக்க அள்ளிவிட்டுத் தரை காய்ந்த பிறகு இரண்டு மூன்று அங்குலம் உமியோ மரத்தூளோ போடுங்கள். தார்ப்பாயின் மேல் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டால் வாடைக்காற்று கீழே அடிக்காமல் மேலே ஆவி போய்விடும். படுக்கையைக் கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்கக் கூடாது. விழியில் புண் ஆழமாகாதவை ஒன்றிரண்டு வாரத்தில் கண் திறக்கும்.

ஒரே ஒரு குஞ்சுக்கு, ஒரே கண்ணில், மூன்றாவது இமைக்கடியில் மஞ்சள் தகடு போலக் கட்டி இருந்தால் அது வேறு. பூசணம் பிடித்த கடலைத்தோல், வைக்கோல் படுக்கையிலிருந்து வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. மருத்துவர் கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை இழையை உறுதிசெய்வார். படுக்கையை எரித்துவிடுங்கள்.

கேள்வி: சாயல்குடி அருகே மணற்பாங்கான இடம். கோழியின் கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாக மிளகு ஒட்டின மாதிரி. உண்ணியா?

பதில்: ஒட்டுத் தெள்ளு. பெண் தெள்ளு தோலுக்குள் வாயைப் புதைத்து அதே இடத்தில் கிடக்கும். பிடுங்கினால் தலை உள்ளே தங்கிப் புண்ணாகும். கண்ணுக்குள் போகாமல் வாசலைனைக் கெட்டியாகத் தடவுங்கள், மூச்சு முட்டி உதிரும். கண்ணருகே பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். முட்டை மணலில் விழுந்து அங்கேதான் வளர்கிறது, எனவே கொட்டிலின் மேல்மணலை ஒரு சாண் ஆழம் மாற்றுங்கள். நாய், பூனை, ஆடு மூன்றையும் பாருங்கள், அவற்றின் காதோரத்திலும் இருக்கும்.

கேள்வி: ஆடி மாதக் காற்றில் மண் அடித்துக் கோழிக்குக் கண் கலங்குகிறது. வீட்டில் எங்களுக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து பாதி இருக்கிறது. விடலாமா? (பாம்பன்)

பதில்: பெயரைப் படியுங்கள். டெக்சாமெதசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு எதுவும் கலந்திருந்தால் விடாதீர்கள். சிவப்பை உடனே குறைத்துச் சுகமாகிவிட்டது போலக் காட்டும். ஆனால் மண் கீறிய புண் இருந்தால் அது ஆறவிடாமல் விழி ஓட்டையாகிவிடும். மருத்துவமனையில் ஃப்ளோரெசின் என்ற சாயம் தோய்ந்த தாளை நனைத்துக் கண்ணில் தொட்டால் புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். அந்தச் சோதனை ஆன பிறகே எந்தச் சொட்டும். அதுவரை சலைனால் தினம் மூன்று முறை கழுவி, காற்று படாத பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: கீழக்கரையில் குஞ்சுக் கூண்டில் இரவு பகலாகப் பல்ப் எரிகிறது. ஒரு மாதக் குஞ்சுகளுக்குக் கண் பிதுங்கின மாதிரி இருக்கிறது.

பதில்: இருட்டே இல்லாமல் வாரக்கணக்கில் வளர்ந்தால் குஞ்சின் விழிக்கோளம் பெருத்து, முன்பக்கம் தட்டையாகி, உள்ளழுத்தக் கோளாறு வரும். முதல் வாரம் சூட்டுக்காக எரியட்டும். பிறகு இரவில் ஆறு மணி நேரமாவது தொடர்ச்சியாக இருட்டாக்குங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு மூன்றாவது வாரத்திலிருந்து விளக்கே பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி: பரிசோதனைக்கு எதை, எப்படி அனுப்புவது? (உச்சிப்புளி)

பதில்: மருந்து தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். ஒருநாள் ஆன்டிபயாடிக் விட்டாலும் ஆய்வகத்தில் கிருமி வளராது. கீழிமையின் உள்பக்கத்தை கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியால் உருட்டி எடுத்து, குழாயில் போட்டு, ஐஸ் குடுவையில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். செத்த கோழியை ஃப்ரீசரில் உறையவைக்காதீர்கள். திசு உடைந்து நரம்பும் கண்ணும் பார்க்க உதவாது. சோப்புத் தண்ணீரில் இறகை நனைத்து, இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸோடு அனுப்புங்கள். கண்ணை மட்டும் அனுப்புவதானால் மருத்துவர் அதைப் போலப் பத்து மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலினில் போட்டுத் தருவார். கூடவே ஒரு தாளில் வயது, எத்தனையில் எத்தனைக்கு, ஒரு கண்ணா இரு கண்ணா, என்ன தீவனம், எந்தத் தேதியில் என்ன தடுப்பூசி என்று எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாமல் வரும் மாதிரியை வைத்து ஆய்வகம் திணறும். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பிவைப்பார்கள்.

முகமும் இமையும் வீங்கி, கொண்டை நீலம்பாரித்து, ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் மட்டும் எதையும் அறுக்கவோ எடுத்துப்போகவோ கூடாது. அப்படியே வைத்து மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் சோதனைக்குரிய மாதிரியை அவர்களே எடுத்துப் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: ஏழாம் நாள் குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். மறுநாள் என் கண் சிவந்துவிட்டது. குஞ்சுக்கும் நீர் வடிகிறது. (திருப்பாலைக்குடி)

பதில்: வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸ். கையிலிருந்தோ தெறித்தோ உங்கள் கண்ணுக்குப் போயிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும், காதுக்கு முன்னால் சின்ன நெறி கட்டலாம். வலியோ பார்வை மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம் போய், என்ன மருந்தைக் கையாண்டீர்கள் என்று சொல்லுங்கள். குஞ்சுக்கு இரண்டு மூன்று நாள் நீர் வடிவது இயல்பு, அதற்கு எதுவும் விட வேண்டாம். நான்காம் நாளும் நிற்காமல் நுரை தள்ளினால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று ஏற்கெனவே இருந்திருக்கிறது என்று பொருள், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, குஞ்சைக் கண்ணுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து விடுங்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை முகத்தைத் தொடாதீர்கள்.